நீ கொடுக்காமல் இருந்திருந்தால்

ஆத்தா,

இன்று பிற்பகல் பதினோராம் வகுப்பில் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருந்தேன். ஜன்னல் வழியாக நெல் அவிக்கிற வாடை வந்தது. புதுவயலில் வாத்தியாராக இருப்பவனுக்கு இது புதிதல்ல. ஏதாவது ஒரு மில்லின் வாடை வகுப்புக்குள் எப்போதும் இருக்கும். பையன்கள் அதைக் கவனிப்பதே இல்லை. எனக்கும் பழகித்தான் போயிருந்தது. இன்று மட்டும் என்னைப் பெற்ற அப்பச்சியின் சட்டை நினைவுக்கு வந்தது. மில்லிலிருந்து வந்ததும் அவர் கழற்றிப் போடுவதை நீ தொட்டியடிக்கு எடுத்துப் போவாய். "நெல்லோட சேத்து சட்டையையும் அவிச்சுக் கொண்டாந்திருக்காக பாரு" என்று சொல்லிக்கொண்டே அலசுவாய்.

நடக்காமல் போனதை இங்கிலீஷில் எப்படிச் சொல்வது என்பதுதான் இன்றைய பாடம். வந்திருந்தால் கொடுத்திருப்பேன், படித்திருந்தால் தேறியிருப்பான், இப்படி. ஆளுக்கொரு வாக்கியம் சொல்லச் சொன்னேன். மூட்டை தூக்குகிறவர் மகன் ஒருவன் எழுந்து, லாரி வந்திருந்தால் எங்க அப்பாவுக்கு வேலை கிடைத்திருக்கும் என்பதை ஒரு பிழையில்லாமல் சொன்னான். சொல்லிவிட்டு, "சார், நீங்க ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டான். மழை பெய்திருந்தால் கண்மாய் நிறைந்திருக்கும் என்று சொன்னேன். வருஷா வருஷம் அதைத்தான் சொல்கிறேன். எல்லா வாத்தியார்களுக்கும் அவசரத்துக்கு உதவுவது மழைதான்.

உன்னிடம் இந்தப் பாடத்தை ஒரு தடவை சொல்லியிருக்கிறேன். காரைக்குடியில் பி.ஏ. படித்துக்கொண்டிருந்தபோது, விடுமுறையில் நேமத்தான்பட்டிக்கு வந்திருந்தேன். நீ மொச்சை உரித்துக்கொண்டிருந்தாய். "இங்கிலீசுல என்னதான் படிக்கிறே, ஒண்ணு சொல்லு கேப்போம்" என்றாய். அப்பச்சி பர்மாவிலேயே இருந்திருந்தால் நாம் பணக்காரராக இருந்திருப்போம் என்பதை இங்கிலீஷில் சொல்லி, தமிழிலும் சொன்னேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய்.

"இதுக்கா காலேசு? நம்ம பக்கம் பர்மாவை விட்டு வந்த வீடு அம்புட்டுலயும் காலையில எந்திரிச்சதுலருந்து இதைத்தானே பேசுறாக. கடை இருந்திருந்தா, சண்டை வராம இருந்திருந்தா, கப்பல் ஏறாம இருந்திருந்தான்னு. எங்களைக் கேட்டா நாங்க சொல்லித் தர மாட்டமா?"

அப்போது நான் உன் பிள்ளை இல்லை. கொத்தமங்கலத்துப் பெரியப்பச்சி வீட்டுக்குக் கூட்டிக்கொண்டுபோய்ச் சில வருஷங்கள் ஆகியிருந்தன. வெளியூர்க்காரர்கள் தத்து என்பார்கள். நம் பக்கம் பிள்ளை கூட்டுவது என்போம். பிள்ளையில்லாத வீட்டுக்கு, பங்காளி வீட்டிலிருந்து ஒரு பையனைக் கொடுப்பது நம்மில் அதிசயம் இல்லை. அதிசயம் அதற்கு அடுத்த நாள்தான். அதுவரை பெரியப்பச்சியும் பெரியாத்தாளுமாக இருந்தவர்கள் அப்பச்சியும் ஆத்தாளுமாகி விடுவார்கள். பெற்றவள் சின்னாத்தாள் ஆகிவிடுவாள். உறவு மாறியதும் வாயும் மாறவேண்டும்.

பெரியப்பச்சி வந்து கேட்ட நாளை நான் மறக்கவில்லை. நான் பள்ளிக்கூடம் முடித்திருந்தேன். மில்லில் எனக்கும் ஒரு வேலைக்கு அப்பச்சி சொல்லி வைத்திருந்தார். "உங்களுக்கு ஆம்பளப் புள்ளை ரெண்டு இருக்கு, மூத்தவனை எங்களுக்குக் குடுங்க" என்று பெரியப்பச்சி கேட்டார். அப்பச்சி உன்னைத்தான் பார்த்தார். நீ வீடு கேட்கவில்லை, நகை கேட்கவில்லை. "அவனைப் படிக்க வைப்பீகளா?" என்று ஒன்றுதான் கேட்டாய். வைப்பேன் என்றார். பங்காளிகள் கூடிய நாளில் என் கையைப் பிடித்து அவர்கள் கையில் கொடுத்தாய். உன் கை ஈரமாக இருந்தது. அடுப்படியிலிருந்து அப்படியே வந்துவிட்டாய் என்று நினைத்துக்கொண்டேன்.

அவர்கள் என்னைக் குறைவாக நடத்தவில்லை. அதையும் சொல்ல வேண்டும். கொத்தமங்கலத்து ஆத்தா எனக்கு வேண்டியதை நான் கேட்கும் முன்னே எடுத்து வைப்பார்கள். சொன்னபடி படிக்க வைத்தார்கள். நானும் பழகிவிட்டேன். உன்னைப் பார்த்தால் "வாங்க சின்னாத்தா" என்று நாலு பேர் முன்னால் சொல்லவும், தனியாக இருக்கும்போது எதுவும் சொல்லாமல் பேச்சைத் தொடங்கவும் கற்றுக்கொண்டேன். நீயும் அதைக் கண்டுபிடித்து வைத்திருந்தாய். "இவன் என்னைக் கூப்பிடவே மாட்டான், வந்து நின்னு தொண்டையைத்தான் செருமுவான்" என்று தம்பியிடம் சொல்லிச் சிரிப்பாய். அந்தச் சிரிப்பு இருந்தவரை எனக்கு ஒன்றும் குறையவில்லை.

என் கல்யாணத்தில்தான் எல்லாம் கெட்டது.

பெண் வீட்டுக்குப் புறப்படும் நேரம். மாப்பிள்ளைக் கோலத்தில் நிற்கிறேன். வீட்டு வளவு முழுக்க ஆட்கள். பெற்றவர்களை விழுந்து கும்பிட்டுவிட்டுக் கிளம்பவேண்டும். கொத்தமங்கலத்து ஆத்தா திருநீற்றுக் கிண்ணத்தோடு எனக்கு வலப்பக்கம் நிற்கிறார்கள். நீ எங்கேயோ பின்னால், இரண்டாங்கட்டு வாசலில், மற்றப் பெண்களோடு ஒருத்தியாக நிற்கிறாய். எனக்கு அன்றைக்கு என்ன வந்தது என்று தெரியவில்லை. கால் தானாக உன் பக்கம் நடந்தது. "ஆத்தா" என்று கூப்பிட்டு உன் காலில் விழுந்தேன்.

நாதஸ்வரம் மட்டும் கேட்டது. எழுந்து பார்க்கிறேன், நீ இரண்டு எட்டுப் பின்னால் போயிருந்தாய். முகத்தில் ஒன்றுமில்லை. "அங்குட்டுப் போங்க தம்பி. உங்க ஆத்தா அங்குட்டு நிக்கிறாக" என்றாய்.

பிறந்ததிலிருந்து நீ என்னை வாடா போடா என்றவள். அன்றைக்குத்தான் முதல் தடவையாகப் "போங்க" என்றாய். நான் திரும்பி நடந்தேன். கொத்தமங்கலத்து ஆத்தாள் காலில் விழுந்தேன். திருநீறு பூசினார்கள், வாழ்த்தினார்கள், ஒரு வார்த்தை குறை சொல்லவில்லை. ஆனால் தாலி கட்டி முடிகிற வரையில் அவர்கள் யார் முகத்தையும் பார்க்கவில்லை. சபையில் அவர்கள் பிள்ளையில்லாதவராகிப் போனது என்னால்தான் என்று எல்லோருக்கும் தெரிந்தது. உனக்கு முதலில் தெரிந்தது.

அதற்குப் பிறகு நீ கொத்தமங்கலத்துக்கு வரவில்லை. என் மகள் பிறந்தபோது தம்பியிடம் காப்புக் கொடுத்து அனுப்பினாய். வீட்டில் விசேஷம் என்று நான் அழைக்க வந்தால் அப்பச்சி மட்டும் வருவார். நான் நேமத்தான்பட்டிக்கு வந்தால், "வாங்க தம்பி, உக்காருங்க" என்று விருந்தாளிக்கு எடுக்கிற வெள்ளி டம்ளரில் காபி கொடுத்தாய். அதில் குடித்த காபியை எனக்குப் பிடிக்கவே இல்லை. ஒரு தடவை பொறுக்காமல், "என்னைப் பழையபடி திட்டு" என்று கேட்டேன்.

நீ டம்ளரை எடுத்துக்கொண்டுபோய்க் கழுவி வைத்தாய். பிறகு, "குடுத்த புள்ளையைத் திருப்பி வாங்கிட்டாள்னு என்னைய நாலு பேரு சொல்லப்படாதுப்பா. கொத்தமங்கலத்துல இருக்குற அவுகளும் பொம்பளைதானே" என்றாய்.

"ப்பா" என்றாயே, அந்த ஒன்றை வைத்துக்கொண்டு காரைக்குடி வரை பஸ்ஸில் வந்தேன்.

நீ போன சேதி பள்ளிக்கூடத்துக்கு வந்தது. தலைமையாசிரியர் நல்ல மனிதர், என்னைப் பற்றி ஒன்றும் தெரியாதவர். "யாரு தவறிட்டாங்க?" என்றார். வாய் வரை வந்தது. "சின்னாத்தா" என்றேன். "சித்தியா? அப்ப ஒரு நாள் லீவு போதுமுல்ல?" என்றார். போதும் என்றேன்.

தம்பி கொள்ளிச்சட்டி எடுத்தான். அவனுக்கு மொட்டை அடித்தார்கள். நான் பங்காளிகளோடு நின்றேன். எனக்குத் தலைநிறைய முடி இருந்தது. அதை அன்றைக்கு எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை, ஆத்தா. மறுநாள் எண்ணெய் வைத்துச் சீவிக்கொண்டு வகுப்புக்குப் போனேன்.

காரியமெல்லாம் முடிந்து ஒரு மாதம் இருக்கும். கொத்தமங்கலத்து ஆத்தா எனக்குச் சோறு போட்டுவிட்டு எதிரில் உட்கார்ந்தார்கள். நான் பாதி சாப்பிட்டிருப்பேன். "கல்யாணத்தன்னைக்கு நானே உன்னைய அங்குட்டுப் போயி விழுந்து கும்பிடுன்னு சொல்லியிருந்தா, அவ நம்ம வீட்டுக்கு வந்து போயி இருந்திருப்பாப்பா" என்றார்கள். அழவில்லை. குழம்பு ஊற்றினார்கள். எனக்கு அவர்கள்மேல் கொஞ்சம் கோபம் மிச்சமிருந்தது. அன்றோடு அதுவும் போய்விட்டது. கோபப்பட ஆள் இல்லாமல் வருத்தப்படுவது எவ்வளவு கஷ்டம் என்று அப்புறம்தான் தெரிந்தது.

இன்று அந்தப் பையன் கேட்டபோது நான் சொல்லியிருக்க வேண்டிய வாக்கியம் வேறு. நீ என்னைக் கொடுக்காமல் இருந்திருந்தால், நான் இந்த மில்களில் ஏதாவது ஒன்றில் அப்பச்சியைப் போல நின்றிருப்பேன். இங்கிலீஷ் தெரிந்திருக்காது. சம்பளம், பென்ஷன், நாலு பேர் மரியாதை, எதுவும் வந்திருக்காது. நீ கணக்குப் போட்டபடியேதான் எல்லாம் நடந்திருக்கிறது. நீ தப்புச் செய்திருந்தாலாவது உன்னிடம் சண்டை போட்டிருப்பேன். நீ செய்தது சரியாகப் போய்விட்டது. அதுதான் எனக்கு ஆறவில்லை.

மற்றபடி நன்றாக இருக்கிறேன். கொத்தமங்கலத்து ஆத்தாளுக்குக் கண் மங்கிவிட்டது; நான்தான் கைபிடித்துக் கோயிலுக்குக் கூட்டிப்போகிறேன். வீட்டுக்குள் நுழைந்ததும் "ஆத்தா" என்று ஒரு குரல் கொடுப்பேன். நீ இருந்தவரை உடனே "என்னப்பா" என்பார்கள். இப்போது கொஞ்சம் பொறுத்துத்தான் பதில் வருகிறது. காது நன்றாகத்தான் கேட்கிறது. அந்தக் கொஞ்ச நேரத்தை அவர்கள் உனக்கு விட்டுக்கொடுக்கிறார்கள் என்று நினைக்கிறேன்.