ஜெயஸ்ரீயைக் கேள்

மாமா,

காசிமேட்டுக்கு மீன் எடுக்கப் போகிறேன். சட்டியில் நெத்திலிக் குழம்பு இருக்கிறது.

பத்து மணிக்குச் சமூகப் பணியாளர் அன்புக்கரசி வருவார். திருவொற்றியூர் பயிற்சி மையத்தில் சேர விருப்பமா என்று நம் மகள் ஜெயஸ்ரீயைக் கேட்பார். அவளை, உன்னை இல்லை. போன தடவை அவள் பெயரைக் கேட்டதற்கே நீதான் பதில் சொன்னாய். அறிவுத்திறன் குறைவு என்றுதான் அவள் அடையாள அட்டையில் போட்டிருக்கிறது, வாய் இல்லை என்று போடவில்லை. யோசித்துச் சொல்ல அவளுக்கு நேரமாகும். அதுவரை உன் வாயில் முறுக்கைப் போட்டுக்கொள். டப்பா நிறைய வைத்திருக்கிறேன்.

போன மாதம் அவள் குடுகுடுவென்று மேடைக்கு ஓடிப்போய் வாங்கினாளே சக்கர நாற்காலி, அதில்தான் ஐஸ் பெட்டியைத் தள்ளிக்கொண்டு போகிறேன். கொடுத்த சங்கத் தலைவருக்கும், போட்டோவுக்குச் சால்வையோடு பல்லைக் காட்டிய உனக்கும் அவள் கால் கண்ணில் படவில்லை.

"அதுக்கு இன்னா தெரியும்?" என்று நேற்று நீ கத்தினது அவள் காதிலும் விழுந்தது.

முத்தம்மா

மறந்தேபோனேன்: வெளியே போனால் வீட்டைப் பூட்டு. உன்னிடம் தந்தால் மூன்றாவது சாவியும் தொலையும். எங்கே இருக்கிறது என்று ஜெயஸ்ரீக்குத்தான் தெரியும். கேள். கேட்டுவிட்டு, பதில் வரும்வரை பேசாமல் நில்.