மணலில் புதைத்த கருவி

ஆகஸ்ட் (இங்கே குளிர்காலம்), வெள்ளி இரவு

நாளை அக்கா, அத்தானோடு பனிமலைக்குப் போகவேண்டியவள் நான். ஆளில்லாத சரிவில் பனிச்சறுக்கு! எத்தனை வீடியோ பார்த்துக் கற்றேன்.

இன்று எங்கள் ஊர் பிளாக்ஹவுஸ் பே கடற்கரையில் ஒத்திகை. பனிச்சரிவில் புதைந்தவர் இருக்குமிடத்தைக் காட்டும் சிக்னல் கருவி ஆளுக்கொன்று; அத்தான் தன்னுடையதை டப்பாவில் போட்டு மணலில் புதைத்தார். ஒரு கையில் என் கருவியோடு அதன் சிக்னலைத் தேடினேன், மறு கையில் ஃபோனில் வீடியோ எடுத்தபடி. ஃபோன் அருகிலிருந்தால் சிக்னல் குழம்பும். அது எனக்குத் தெரியும். தெரிந்தும் எடுத்தேன். கடைசிவரை கண்டுபிடிக்கவில்லை.

"இந்நேரம் நான் ஐஸாயிருப்பேன்டி!" அத்தான் சிரித்துக்கொண்டே தோண்டி எடுத்தார்.

அக்கா சிரிக்கவில்லை. "உன்ன நம்பி இவர எப்படிடி பனியில விடுவேன்? நீ வர வேணாம்."

வீடியோவைத் திரும்பத் திரும்பப் பார்க்கிறேன். அத்தான் தோண்டிய அதே இடத்தின் மேல் நின்று, கேமராவைப் பார்த்துச் சிரித்துப் பேசிக்கொண்டிருக்கிறேன்.