உங்கள் கால் இறங்கிய இடம்

என் அன்புள்ள வீட்டுக்காரருக்கு,

வீட்டுக்காரி எழுதுவது. இங்கே நலம். நீங்களும் மகள் வீட்டில் நாற்காலியோடு நாற்காலியாக நலமாக இருப்பதாகக் கேள்வி. "அந்த வீட்டுத் தரையை நம்பி இனிமே கால் வைக்க மாட்டேன், உங்கம்மாவையும் இங்கயே வரச் சொல்லிடு" என்று அவளிடம் சொன்னீர்களாமே. சுவருக்குத்தான் காது உண்டு என்பார்கள். நம் வீட்டில் தரைக்கும் இருக்கிறது போல. ரோஷம் வந்து நிமிர்ந்துவிட்டது.

தச்சரைக் கூப்பிட்டேன். கூடத்து மூலையில், உங்கள் கால் பலகையை உடைத்து உள்ளே இறங்கி எலும்பு முறிந்த அதே இடத்தைப் பெயர்த்தார். அடியில் தாங்கும் மரச்சட்டத்தை ஸ்க்ரூ டிரைவரால் குத்தினார். ரொட்டியில் இறங்குவதுபோல் இறங்கியது. இத்தனை நாளாக எதிர்வீட்டு அண்ணி, நான் சோபாவில் உட்காரும் வேகத்தால்தான் தரை தொய்கிறது என்று தெருவெல்லாம் சொல்லி வந்தார். இப்போது உண்மைக் குற்றவாளி பிடிபட்டார். எலி வரக்கூடாதென்று தரைக்கு அடியில் காற்றுப் போகும் துவாரங்களை எல்லாம் சிமெண்ட் பூசி அடைத்த மகராசன் யாராம்? எலியும் போகவில்லை, ஈரமும் போகவில்லை. உள்ளேயே தேங்கி மரத்தைத் தின்றுவிட்டது. அடைத்தது யாரென்று தச்சர் கேட்டார். முன்னால் குடியிருந்தவர் என்று சொல்லிவிட்டேன். உங்கள் மானம் என்னிடம் பத்திரமாக இருக்கிறது.

துவாரங்களைத் திறந்து ஈரத்தைக் காயவிட்டார். பிறகு ஜாக்கி வைத்துத் தரையைத் தூக்கினார். அவசரப்பட்டால் சுவர் வெடிக்கும் என்று நாளுக்கு ஒரு திருகுதான். கை சும்மா இருக்குமா எனக்கு? அவர் கிளம்பியதும் நானும் ஒரு திருகு திருகினேன். சமையலறைச் சுவரில் விரிசல். அதன்மேல் காலண்டர் மாட்டியிருக்கிறேன், நீங்கள் தேதி பார்த்தால் போதும், தூக்கிப் பார்க்க வேண்டாம். இற்றுப்போன சட்டங்களை எடுத்துவிட்டுப் புதிது போட்டாயிற்று. தரை மேலே வந்து, சாய்ந்திருந்த கதவு நிலையும் நேரானதும் படுக்கையறைக் கதவுக்கு அடியில் பூனை நுழையும் சந்து! இடிக்கிறது, இடிக்கிறது என்று வருஷாவருஷம் சீவித் தள்ளினீர்களே, அந்தப் புண்ணியம்.

உறுதி பார்க்க வேண்டுமே என்று எதிர்வீட்டு அண்ணியைக் கூப்பிட்டேன். அந்த மூலையில் இருவரும் கைகோத்துக் குதித்தோம். தரை மூச்சுவிடவில்லை. அண்ணிக்குத்தான் மூச்சு வாங்கியது.

மகள் நேற்று போனில் இன்னொன்றும் சொன்னாள். எலும்பு கூடிவிட்டது, நடக்கலாம் என்று டாக்டர் சொல்லிவிட்டாராம். அங்கே கான்கிரீட் தரை. அதிலும் நீங்கள் ஜன்னல்வரைகூடப் போவதில்லையாம். உங்கள் வாக்கரில் அவள் துண்டு காயப் போடுகிறாளாம். அதைக் கேட்டபின் கொஞ்ச நேரம் யாரைக் கேலி செய்வதென்றே எனக்குத் தெரியவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காரோடு வருகிறேன். கூடத்தைச் சுற்றி ஓடச் சொல்ல மாட்டேன். முதல் நாள் ஓரடி போதும். ஒரு பக்கம் வாக்கர், மறுபக்கம் நான். விழுந்தால் சேர்ந்தே விழுவோம், தெருவுக்கும் பேச ஒரு விஷயம் கிடைக்கும்.

தரை என்ற சாக்கு தீர்ந்தது. வேறு ஏதாவது இருந்தால் இப்போதே சொல்லி அனுப்புங்கள். தச்சர் சனிக்கிழமைவரை இங்கேதான் இருக்கிறார், அதையும் பிரித்துப் பார்த்துவிடலாம்.

உங்கள் கால்களுக்கு ஒரு குறையும் வராது.

இந்த வீட்டில் தனியாக நடந்து பழகிவிடக் கூடாதே என்று வேண்டிக்கொண்டிருக்கும்,
உங்கள் வீட்டுக்காரி