என் பாட்டில் கொளஞ்சியின் குரல்

செவ்வாய்க்கிழமை, ராத்திரி

எரிச்சல் இன்னும் அடங்கவில்லை. மாசக்கணக்கில் உட்கார்ந்து செய்த என் பாட்டு இன்று காலைதான் நெட்டில் வெளியானது. பாட்டு என்றால் வார்த்தை கிடையாது. வயிற்றை உதறும் பேஸ் மட்டும்தான். வந்த முதல் கமெண்டே, "கொளஞ்சி சவுண்ட்ஸ் பாட்டைச் சுட்டுட்டான்" என்று.

கொளஞ்சி என் மாமா மகன். உடையார்பாளையத்தில் ஸ்பீக்கர் செட் வைத்திருக்கிறான். பெரிய பாக்ஸில் பேஸ் எப்படிக் கேட்கிறது என்று பார்த்துச் சொல்லத்தான் போன மாசம் அவனிடம் கொடுத்தேன். அவன் அதை யாருடையதோ ஒரு கல்யாண ரிசப்ஷனில் போட்டிருக்கிறான். போட்டதோடு விட்டானா? பேஸ் இறங்கும் இடத்துக்குச் சரியாக முன்னால், "உடையார்பாளையம் கொளஞ்சி சவுண்ட்ஸ்" என்று எக்கோ வைத்துத் தன் குரலையும் ஏற்றியிருக்கிறான். ஆடியவர்கள் எடுத்த வீடியோதான் ஊரெல்லாம் சுற்றுகிறது.

போனில் கத்தினேன்.

"எல்லாப் பாட்டுக்கும் பேரு போடுறதுதான மாப்ள? இல்லன்னா ஜெயங்கொண்டத்து செட்டுக்காரன் தூக்கிருவான்ல" என்றான். என் பாட்டுக்கு இவன் காவலாம்.

சாயங்காலம் லண்டனிலிருந்து மெயில் வந்தது. இந்த மாதிரி இசையை வெளியிடுகிறவர். எத்தனையோ தடவை எழுதியும் பதில் போடாதவர். பேஸ் செம அழுக்கு என்கிறார். அந்த உலகத்தில் அதுதான் பெரிய பாராட்டு. அடுத்த ரிலீஸில் சேர்த்துக்கொள்கிறாராம். ஆனால் என் பதிப்பு வேண்டாமாம். வீடியோவில் கேட்ட அந்த ஆளின் குரலோடு வேண்டுமாம்.

கொளஞ்சியிடம் இன்னும் சொல்லவில்லை. சொன்னால் அதையும் மைக் போட்டுத்தான் சொல்வான்.