பெண்டு பைப்புக்கு ஒரு ஊதுபத்தி

இன்று காலை துறைமுகத்தில் கிரேன் ஓட்டும் ஒருவர் தன் பைக்கைக் கொண்டுவந்து ஷெட் வாசலில் நிறுத்தினார். புது சைலன்சர், பெரிய ஏர் ஃபில்டர் இரண்டும் எங்கேயோ மாட்டிக்கொண்டு வந்துவிட்டார். இனி அதற்கேற்றபடி இன்ஜெக்டர் ஊற்றும் பெட்ரோல் அளவுக் கணக்கை, அதாவது மேப்பை, லேப்டாப்பில் மாற்றி எழுத வேண்டும். நான் லேப்டாப்பைத் திறக்கவில்லை. இழுப்பறையிலிருந்து ஒரு ஊதுபத்தியை எடுத்துப் பற்றவைத்து, வண்டிக்கு முன்னால் குத்துக்காலிட்டு உட்கார்ந்தேன். மனிதர் பயபக்தியோடு செருப்பைக் கழற்றி ஓரமாக வைத்தார்.

"இன்னாக்கா, பூஜ போட்டாத்தான் கம்ப்யூட்டரு வேல செய்யுமா?"

"ஆமா. சாமி கோச்சுக்கினா மேப்பு ஏறாது" என்றேன்.

அந்த மலிவான மல்லிகைப் புகை மூக்கில் ஏறியதும் நீ வந்துவிட்டாய். தும்மலும் வந்தது. இதைவிட நல்ல ஊதுபத்தி வாங்கித் தொலைக்கக் கூடாதா என்று எத்தனை முறை கத்தியிருப்பேன். இப்போது அதே கடையில் அதே பாக்கெட்டைத்தான் கேட்டு வாங்குகிறேன்.

கொருக்குப்பேட்டை ரயில்வே கேட் பக்கத்தில் இந்த ஷெட்டில் ஒரு பாதி உனது. வெல்டிங் மிஷின், பைப் வளைக்கிற வைஸ், கரி படிந்த புத்தர் படம். மறுபாதி எனது. ஒரு மேசை, லேப்டாப், வகைவகையாக ஒயர்கள். பள்ளிக்கூடத்தில் ஒரே வகுப்பு. நீ எட்டாவதில் பெயிலாகி பட்டறைக்குப் போனாய். நான் டிப்ளமோ முடித்து ஒரு பெரிய சர்வீஸ் சென்டரில் சேர்ந்து, மேனேஜரோடு சண்டை போட்டு வெளியே வந்தேன். "வா மாமு, பாதி ஷெட்டு காலியாத்தான் கீது" என்றாய். பொம்பளைப் பிள்ளையை மாமு என்று கூப்பிடுகிறாயே, வெட்கமில்லையா என்று உன் அம்மா திட்டினார். "அவ கையில ஸ்பேனரு இருந்தா நாலு ஆம்பள ஓடுவான், அவளப் போயி..." என்றாய். எனக்கு அதுவரை யாரும் கொடுக்காத சர்டிபிகேட் அது.

நம் வேலை என்னவென்று கேட்பவர்களுக்கு நீ சொல்லும் விளக்கத்தை இன்றைக்கும் நான் திருடிக்கொள்கிறேன். "வண்டிக்கு மூக்கப் பெருசு பண்ணிட்டேன். பின்னால வெளிய போற வழியையும் பெருசு பண்ணிட்டேன். காத்து நெறைய வருது. ஆனா சோறு மட்டும் பழைய அளவுலதான் வருது. அந்தச் சோத்த அளந்து போடறது மாமு வேல." ஆட்கள் சிரிப்பார்கள். சத்தம் வேண்டும் என்று வருகிறவர்களிடம் மட்டும் உனக்குச் சிரிப்பு வராது. "ஊர எழுப்பறதுக்கா வண்டி ஓட்டற? அதுக்கு சேவல வாங்கு" என்று திருப்பி அனுப்புவாய்.

மேப் எழுத எண்ணூர் நெடுஞ்சாலைக்குப் போவோம். நீ ஓட்டுவாய். பின்னால் லேப்டாப்பை மார்போடு சேர்த்து பெல்ட் போட்டுக்கொண்டு நான். ஆக்சிலேட்டர் பிடியில் கால், அரை, முக்கால் என்று வெள்ளைப் பெயின்டில் கோடு போட்டு வைத்திருப்பாய். நான் தோளில் ஒரு தட்டு தட்டினால் அந்தக் கோட்டில் அசையாமல் பிடிக்க வேண்டும். இரண்டு தட்டினால் விட வேண்டும். வரிசையில் நிற்கும் கண்டெய்னர் லாரிக்காரர்கள் நம்மைப் பைத்தியம் என்றே நினைத்தார்கள். வெல்டிங் பிடித்துப் பழகிய கை உனக்கு. நீ பிடித்தால் திரையில் முள் நகராது.

அதற்கெல்லாம் முன்னால் ஊதுபத்தி. பைப்பை மாட்டியதும் பெட்ரோல் டேங்கை மூடிவிட்டு வண்டியை ஸ்டார்ட் செய்து, பைப் சூடாவதற்குள் புத்தருக்குக் காட்டிய ஊதுபத்தியை அப்படியே எடுத்து வந்து பைப்பின் ஒவ்வொரு மூட்டிலும் சுற்றிக் காட்டுவாய். "பொக நேரா போச்சுன்னா மூட்டு நல்லாக்கீது. நடுங்குச்சுன்னா அங்க ஒரு திருடன் கீறான்." சோப்புத் தண்ணி போட்டுப் பார்க்கலாமே என்பேன். "புத்தர் சோப்பா கேக்கறாரு?" என்பாய்.

இத்தனையும் ஊருக்குச் செய்த நீ, உன் சொந்த வண்டிக்குக் கடைசியில்தான் வந்தாய். இரண்டு மாதம் ஞாயிற்றுக்கிழமைகளில் உட்கார்ந்து அந்த பெண்டு பைப்பை வளைத்தாய். எஞ்சினிலிருந்து இறங்கி வளைந்து சைலன்சருக்குப் போகும் அந்த ஒரு பைப்பில் ஏழு இடத்தில் பற்றவைப்பு. ஏழும் கையால் தடவினால் தெரியாது. புகையில் காற்று எவ்வளவு என்று லேப்டாப்புக்குச் சொல்லும் என் சென்சார் உட்கார ஒரு துளை போட்டு அதையும் நீயே பற்றவைத்துக் கொடுத்துவிட்டு, உன் அண்ணனைப் பார்க்க சாத்தாங்காடு போய்விட்டாய். பைப்பைத் திரும்ப எஞ்சினில் மாட்டியது நான். நீ வரும்வரை காத்திருக்க எனக்குப் பொறுமை இல்லை.

வந்ததும் ஊதுபத்தியை எடுத்தாய். "ஊதுபத்தி வச்சு டியூனிங் பண்ற காலமெல்லாம் போச்சு, ஏறு வண்டில" என்றேன். என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு ஏறினாய்.

அன்று தொடங்கியது பேஜாரு. சென்சார் பெட்ரோல் போதவில்லை, காற்று அதிகம் என்றது. பெட்ரோலைக் கூட்டினேன். மறுபடி போதவில்லை என்றது. மறுபடி கூட்டினேன். இப்படிப் பதினாலு மேப். வண்டி இருமியது, சிக்னலில் கரும்புகை கக்கி நின்றது. நீ பிளக்கைக் கழற்றி என் மேசையில் வைத்தாய். அடுப்புக்கரி நிறத்தில் இருந்தது. "தபாரு, தொண்ட வரைக்கும் சோறு அடச்சிக்கினு கீது. நீ இன்னும் ஊத்திகினே கீறே." நான் லேப்டாப்பைத் திருப்பிக் காட்டினேன். இது பொய் சொல்லாது என்றேன்.

"லேப்டாப்பு பொய் சொல்லாது மாமு. அதுகிட்ட பொய் சொல்றவன் எவன்னு பாரு."

என்னைத்தான் சொல்கிறாய் என்று சுருக்கென்று ஏறிவிட்டது எனக்கு. அன்று சாயங்காலம் கேட் பக்கத்து டீக்கடையில், பத்துப் பேர் நிற்கும்போது, நான் அதைச் சொன்னேன். "இவன் பண்ண பெண்டு பைப்பே தப்பு. எட்டாவது பெயிலு, கம்ப்யூட்டர் வண்டியில கைய வச்சா இப்டித்தான். எந்த மேப்பும் இத்தக் காப்பாத்தாது." ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். நீ டீயைப் பாதியில் வைத்துவிட்டுப் போனாய். ஒரு வார்த்தை திருப்பிச் சொல்லியிருந்தால் நான் இவ்வளவு நாள் இதைச் சுமந்திருக்க மாட்டேன். மறுநாள் உனக்குக் காய்ச்சல் என்றார்கள். ஆறாம் நாள் நீ இல்லை.

உன்னைப் புதைத்த மண் காய்வதற்குள் டீக்கடை பேச ஆரம்பித்தது. நல்ல வண்டியைக் கெடுத்தான், பைப் வளைக்கத் தெரியாமல் வளைத்தான், கூட இருந்தவளே சொன்னாளே என்று. ஆமாம், கூட இருந்தவளே. அவர்களுக்கு அந்த வார்த்தையை எடுத்துக் கொடுத்தது நான். பத்து வருடம் இந்தப் பகுதியில் எத்தனை வண்டிக்குப் பைப் செய்தாயோ, அத்தனையும் போய் அந்த ஒரு வாக்கியம் உன் பெயரில் ஒட்டிக்கொண்டது.

ஒரு மாதம் கழித்து உன் அண்ணன் ஷெட்டுக்கு வந்தார். வண்டியோடு வந்த பழைய கம்பெனி சைலன்சரைச் சாக்குப்பையில் சுற்றிக் கொண்டுவந்திருந்தார்.

"மாத்தூர்ல ஒரு ஆளு வண்டிய கேக்கறான்மா. இத்த மாட்டி பழையபடி ஆக்கிக் குடு. அவன் பண்ண பைப்ப நான் சாத்தாங்காட்டுல பழைய இரும்புல போட்டுடறேன். கெட்ட ராசி."

அவர்மேல் எனக்குக் கோபம் இல்லை. தம்பியைப் பறிகொடுத்த மனிதர். ஆனால் அவருக்குப் பின்னாலேயே உன் மேகலா வந்து நின்றாள். மணலியில் பெயின்ட் கம்பெனிக்கு இரண்டு பஸ் மாறிப் போய்வருகிற உன் பெண்டாட்டி, அதுவரை வாயே திறக்காதவள், சொன்னாள்: "வண்டிய நான் ஓட்டப் போறேன் மாமா. அவரு எனக்குக் கத்துக் குடுத்த வண்டி அது."

"ரோட்டு நடுவுல நின்னு போற வண்டியம்மா அது. லாரி மேல ஏறிச்சுன்னா யார் பதில் சொல்றது?"

அதில் நியாயம் இருந்தது. மேகலா என்னைப் பார்த்தாள். "அக்கா, மெய்யாலுமே அவரு செஞ்சது தப்பா?"

தப்பு என்று சொன்னால் பைப் பழைய இரும்புக்கு, வண்டி மாத்தூருக்கு, உன் பெயர் டீக்கடைக்கு. சரி என்று சொல்ல என்னிடம் பதினாலு மேப்பும் எதிர்சாட்சி. "ஞாயித்துக்கெழம மதியம் வரைக்கும் டைம் குடுங்கண்ணா. அப்பவும் நின்னா நானே கழட்டித் தரேன்" என்றேன். அவர் சாக்குப்பையை உன் வைஸ் பக்கத்தில் வைத்துவிட்டுப் போனார்.

ஞாயிறு விடியற்காலை மேகலா வந்து புத்தர் படத்துக்கும் பக்கத்தில் மாட்டியிருந்த உன் படத்துக்கும் ஊதுபத்தி ஏற்றினாள். எனக்குத் தும்மல் வந்தது. தும்மி முடித்ததும் நான் அந்த ஊதுபத்தியைப் பிடுங்கினேன் என்றே சொல்ல வேண்டும். "ஸ்டார்ட் பண்ணு" என்றேன். நீ பற்றவைத்த ஏழு இடத்திலும் புகை நூல் பிடித்த மாதிரி நேராக மேலே போனது. சென்சார் துளையிலும் நேர். ஏழும் சுத்தம், எட்டும் சுத்தம். கடைசியாக எஞ்சினும் பைப்பும் சேரும் மூட்டுக்குக் கொண்டுபோனேன். புகை வெட்டி வெட்டி உள்ளே இழுத்தது.

கழற்றினேன். அந்த மூட்டில் வைக்கிற பேக்கிங் வளையம் ஒரு பக்கம் நசுங்கி, இன்னொரு பக்கம் வெளிச்சம் தெரிந்தது. பழைய பேக்கிங். புதிது வாங்கிவர கடைவரை நடக்கச் சோம்பல்பட்டு, பழசையே திரும்ப வைத்தது நான். ஒருமுறை நசுங்கிய பேக்கிங்கை மறுபடி வைக்காதே என்று சர்வீஸ் சென்டரில் எல்லாருக்கும் பாடம் எடுத்தவளும் நானேதான். அந்த இடுக்கில் வெளிக்காற்று புகுந்து நேராக என் சென்சாருக்குப் போய், காற்று அதிகம், பெட்ரோல் போதவில்லை என்று பொய் சொல்லியிருக்கிறது. நானும் அதை நம்பி உன் வண்டிக்குத் தொண்டை அடைக்க ஊற்றியிருக்கிறேன். அழுகை வந்தது. மேகலா முன்னால் நன்றாகவே அழுதேன்.

புதுப் பேக்கிங். புதுப் பிளக். பதினாலு மேப்பையும் அழித்துவிட்டு முதலிலிருந்து. எண்ணூர் ரோட்டில் மேகலா ஓட்டினாள், பின்னால் பெல்ட் போட்ட லேப்டாப்போடு நான். லாரிக்காரர்கள் இறங்கி நின்றே வேடிக்கை பார்த்தார்கள். பார்க்கட்டும். முதல் தட்டு தட்டும்போது உன் தோள் இல்லை என்று கைக்குத் தெரிந்தது. ஆனால் அவள் உன் வெள்ளைக் கோட்டில் பிடித்தாள் பார், முள் அசையவில்லை. எங்கே கற்றாள் என்று கேட்டேன். "அவரு கோவிச்சுக்குவாருன்னு பயந்து பயந்து புடிச்சதுக்கா" என்றாள். பதினைந்தாவது மேப்பில் வண்டி இருமலை நிறுத்தியது. சத்தமும் நீ ஆசைப்பட்டபடிதான், அடக்கமாக.

மதியம் உன் அண்ணன் டீக்கடையில் நின்றிருந்தார். மேகலா வண்டியை அவர் முன்னால் கொண்டுபோய் நிறுத்தி, அணைக்காமல் விட்டாள். அவர் டீ குடித்து முடிக்கும்வரை அது அங்கேயே சீராக ஓடிக்கொண்டிருந்தது. அதே பத்துப் பேர், ஒன்றிரண்டு கூடுதலாகவே இருந்தார்கள். நான் நசுங்கிய பேக்கிங்கை எடுத்து கல்லாப் பலகைமேல் வைத்தேன்.

"அவன் பைப்புல ஒரு தப்பும் இல்ல. இத்த வச்சது நான். அவன் அன்னிக்கே சொன்னான், நான் கேக்கல. தப்பு என்னுது."

கடைக்காரர் சங்கடப்பட்டார். "வுடும்மா. போனவன் இன்னா கேக்கவா போறான்?"

"அவன் கேக்க மாட்டான். நீங்க கேட்டீங்க இல்ல அன்னிக்கு? இன்னிக்கும் கேளுங்க."

உன் அண்ணன் டம்ளரை வைத்துவிட்டு, ஷெட்டுக்கு வந்து, சாக்குப்பையைத் தூக்கிக்கொண்டு போனார். அந்தக் கம்பெனி சைலன்சர் இப்போது சாத்தாங்காட்டில் எந்தக் குவியலில் கிடக்கிறதோ தெரியாது. மேகலா தினமும் உன் பைப்போடு மணலிக்குப் போய் வருகிறாள்.

இன்று அந்தக் கிரேன்காரர் வண்டியில் புகை நேராகப் போனது. பிறகுதான் லேப்டாப்பைத் திறந்தேன். அவர் செருப்பை மாட்டிக்கொண்டே, இந்த டெக்னிக் எல்லாம் எங்கேக்கா படிச்சே என்றார். கூட்டாளி சொல்லிக் கொடுத்தான் என்றேன். அவரு எந்தக் காலேஜு என்றார்.

"எட்டாவது பெயிலு" என்றேன். "கொருக்குப்பேட்ட."