சீக்கிரம் விடும் மருந்து

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். முதலில் நல்ல செய்தி. அப்பாவின் சிறுநீர்ப்பையில் இருந்த கல்லை உடைத்து எடுத்துவிட்டார்கள். இப்போது வலியில்லை, வழக்கம்போல் வம்பளக்கிறார். நேற்றுப் போனில் நான் ஒட்டாமல் பேசினேன் என்று நினைத்திருப்பாய். பக்கத்தில் அப்பா இருந்தார். அதனால்தான் எழுதுகிறேன்.

எங்கள் ஆஸ்பத்திரியில் மயக்க மருந்து டாக்டர் நான் ஒருத்திதான். அப்பாவுக்கு முதுகில் ஊசி போட்டதும் நான்தான். அதற்கு இரண்டு மருந்துகள் வைத்திருக்கிறோம். ஒன்று சீக்கிரம் விட்டுவிடும், மதியமே எழுந்து நடக்கலாம். மற்றதைப் போட்டால் இடுப்புக்குக் கீழே வெகுநேரம் மரத்தே கிடக்கும். அப்பா முன்கூட்டியே கேட்டுக்கொண்டார்: "சீக்கிரம் காலு வர்ற மருந்தா போடும்மா. உங்கம்மா என் கையால குடுத்தாத்தான் சாப்பிடுவா." ஆபரேஷன் செய்யும் டாக்டரும் சின்னக் கல்தான், சட்டென்று முடிந்துவிடும் என்றார். வேறு யாராவது என்றால் யோசிக்காமல் அந்த மருந்தைத்தான் எடுத்திருப்பேன். அப்பா குனிந்து முதுகைக் காட்டியதும் என் கை மற்ற மருந்துக்குப் போய்விட்டது. நடுவில் மருந்து விட்டுப்போய், வலியில் அவர் என்னைத் திரும்பிப் பார்த்துவிட்டால்? வெகுநேரம் நிற்பதையே ஏற்றினேன்.

ஆபரேஷன் சொன்னபடியே முடிந்தது. கால்கள்தான் வரவில்லை. தொடையைத் தட்டிப் பார்த்து, "இது யாரு காலும்மா, என்கிட்ட விட்டுட்டுப் போயிட்டாங்க?" என்று நர்ஸைச் சிரிக்க வைத்தார். அப்புறம், அம்மாவைப் பார்த்துக்கொள்ளச் சொல்லியிருந்த மாடி வீட்டு அக்கா போன் செய்தாள். அம்மா வாயைத் திறக்க மாட்டேன் என்கிறாள், வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்கிறாள் என்றாள். அப்பாவின் சிரிப்பு நின்றுவிட்டது. "நீ போயி ஒரு வாய் ஊட்டிட்டு வாயேம்மா" என்றார். இன்னொரு கேஸ் இருக்கிறது என்றேன்.

கேஸ் எதுவும் இல்லை. ஆபரேஷன் தியேட்டரைக் கழுவி விட்டிருந்தார்கள். அது அப்பாவுக்கும் தெரியும். "சரிம்மா, வேலையப் பாரு" என்று முகத்தைச் சுவர்ப் பக்கம் திருப்பிக்கொண்டார். போன முறை நான் கிண்ணத்தோடு போய் நின்றபோது அம்மா, "நீங்க யாருங்க? உங்களுக்கு வீடு இல்லையா?" என்று கேட்டாள். அதை இன்னொரு தடவை கேட்க எனக்குத் தெம்பில்லை, தம்பி.

சாயங்காலம் அப்பாவைக் கைத்தாங்கலாக வீட்டுக்கு அழைத்துப் போனேன். அம்மா கதவருகிலேயே தரையில் உட்கார்ந்திருந்தாள். உதடு காய்ந்திருந்தது. தண்ணீர்கூடக் குடிக்கவில்லையாம். அப்பா நிற்க முடியாமல் அவள் பக்கத்திலேயே சரிந்து உட்கார்ந்து ஊட்டினார். கொஞ்சம் சாப்பாடு உள்ளே போன பிறகுதான் "எங்க போனீங்க?" என்றாள். "இவகூடத்தான் இருந்தேன்" என்று என்னைக் காட்டினார். அம்மா என்னைப் பார்த்த பார்வையை எழுதத் தெரியவில்லை.

ஏன் மருந்தை மாற்றினாய் என்று அப்பா இதுவரை கேட்கவில்லை. கேட்டால் தேவலை.

அடுத்த மாதம் சிறுநீரகத்தில் இருக்கும் பெரிய கல்லையும் எடுக்க வேண்டும். அதற்குச் சீக்கிரம் விடும் மருந்து போதாது. அப்பா சில நாள் ஆஸ்பத்திரியிலேயே இருக்க வேண்டிவரும். லீவு கிடைக்காது என்று மட்டும் எழுதாதே. நானும் கேஸ் இருக்கிறது என்றுதான் சொன்னேன்.

அம்மா உன்னை யாரென்று கேட்டால் கேட்டுவிட்டுப் போகட்டும். சாப்பாடு கொண்டு வந்தவன் என்று சொல்லிக்கொள். நான் பக்கத்தில் இருப்பேன்.

நீ நன்றாக இருக்க வேண்டும். வந்துவிடு, ராஜா.

உன்,
அக்கா