தொப்புளுக்குப் பக்கத்துத் துடிப்பு

05.06.2004, சனி
காலையிலிருந்து சோளகக் காற்று. காயப்போட்ட சாறம் இரண்டும் பறந்து வேலியில். என் மனுசனுக்குக் கொழும்பில் குழாய் வைத்து ஐந்து கிழமை. வயிற்றுக்குள்ளே பெரிய இரத்தக் குழாய் வீங்கி இருந்தது. வயிற்றைக் கிழிக்கவில்லை. இரண்டு தொடையடியிலும் சின்ன வெட்டு, அதற்குள்ளால் துணிக்குழாய் ஒன்றை ஏற்றி வீக்கத்துக்குள் பொருத்தினார்கள். மூன்றாம் நாள் எழும்பி நடந்தார்.

பக்கத்து வீட்டு றீற்றா அக்கா: "கிழிக்காத ஒப்பரேசன் என்ன ஒப்பரேசனடி? உங்களைப் பேய்க்காட்டிப் போட்டாங்கள்." அவவின் வாயில் நல்லது வராது.

மத்தியானம் இவர் படுத்திருக்க, வயிற்றில் கை வைத்துப் பார்த்தேன். முன்பு தொப்புளுக்குப் பக்கத்தில் நெத்தலி துள்ளுவது போல அடிக்கும். இப்போதும் மெல்ல அடிக்கிறது. இல்லை, என் விரலின் நாடிதானோ?

07.06, திங்கள்
கொம்யூனிகேசன் கடையிலிருந்து டொக்டருக்குப் போன் எடுத்தேன். போன கிழமை ஸ்கேனின் முடிவு.
"குழாய் சரியான இடத்தில இருக்குது அம்மா. ஆனா வீக்கத்துக்குள்ள இன்னும் கொஞ்சம் இரத்தம் கசியுது. அநேகமாத் தானா அடைபடும். மூண்டு மாதத்தில திரும்பப் பாப்பம். பாரம் தூக்க விடாதேங்கோ. பிரசர் ஏறக்கூடாது."
அடைபடாவிட்டால்? கேட்காமல் காசைக் கொடுத்துவிட்டு வந்தேன்.

படலையடியில் இவர். "என்னவாம்?"
"எல்லாம் சரியாம்."
ஏன் அப்படிச் சொன்னேன்? இவருடைய தமையன் இதே வீக்கம் வெடித்துத்தான் வள்ளத்திலேயே போனார். உண்மையைக் கேட்டால் இவருக்குப் பிரசர் ஏறும் என்று பயம்.
"அப்ப ஞாயிறு நான் கூடு தூக்கலாம்" என்றார், சந்தோசமாக.

என் வாய்க்குச் சூடு போட வேண்டும். ஒப்பரேசன் அறைக் கதவு சாத்தினபோது நேர்த்தி வைத்தது நான்தான். இவர் பிழைத்து வந்தால் திருநாளுக்கு அந்தோனியாரின் சிலை வைத்த சுருவக் கூட்டை இவரே தோளில் காவுவார் என்று. என் தோளை நேர்ந்திருக்கக் கூடாதா? ஊர் முழுக்கச் சொல்லியும் வைத்தேன்.

10.06, வியாழன்
வாங்க: மெழுகுதிரி, பிரசர்க் குளிசை, சீனி.
பாதரிடம் போனேன். "அந்தோனியார் ஆளின்ர உயிரை எடுத்து நேர்த்தி கேக்கமாட்டார், பிள்ளை. மெழுகுதிரியா மாத்தும். ஆனா அவருக்கு உண்மையை நீர்தான் சொல்லவேணும்."
ஓம் என்று சொல்லிவிட்டு வந்தேன். வீட்டில் இவர் வெள்ளை வேட்டிக்கு நீலம் போட்டுக்கொண்டு நிற்கிறார். பாட்டு வேறு. சொல்லவில்லை.

12.06, சனி
மூன்று தரம் வாய் திறந்தேன். மூன்று தரமும் மீன் குழம்பைப் பற்றிக் கதைத்தேன். மடைச்சி.

13.06, ஞாயிறு. திருநாள்
பூசை முடிய, காவுகிற எட்டுப் பேரும் கூட்டடியில். இவர் சால்வையை மடித்துத் தோளில் வைத்தார். குனிந்தார். நான் ஆம்பிளைகளுக்குள்ளே புகுந்து கையைப் பிடித்தேன்.
"வேண்டாமப்பா. உள்ளுக்குள்ள இன்னும் இரத்தம் கசியுதாம். டொக்டர் சொன்னவர். நான்தான் பொய் சொன்னனான்."
சத்தமாகவே வந்துவிட்டது. எல்லாரும் பார்த்தார்கள். இவருடைய இடத்தை வேறொருவர் எடுத்தார். இவர் சால்வையோடு ஓரமாக நடந்தார், என்னைத் திரும்பியும் பார்க்காமல்.

வீட்டுக்கு வந்து ஊற்றிக் கொடுத்தேன். தேத்தண்ணி ஆறிப் பாலாடை கட்டியது. பிறகு இவர்:
"அண்ணைக்கு ஒண்டும் தெரியாமலே வெடிச்சது. நானும் தெரியாமலே போகட்டும் எண்டோ நினைச்சனீர்?"
அழுதேன். வேறென்ன செய்ய?

கதிரையில் சாய்ந்து சேர்ட்டைத் தூக்கினார். "கையை வையும். துடிக்குதோ?"
வைத்தேன்.
"ஓம். துடிக்குது."